ஜெர்மன் படிச்சா ட்ரான்ஸ்லேஷன் வேலை இன்னும் இருக்கா?

கோவை_பையன்: அண்ணா அக்கா யாராச்சும் சொல்லுங்க, ப்ளஸ் டூ முடிச்சுட்டேன், டெல்லி ஜேஎன்யூல பிஏ ஜெர்மன் போலாம்னு சியுஇடி நுழைவுத் தேர்வு எழுதியிருக்கேன், ஆனா மாமா "அதான் கூகுளே மாத்திக் குடுத்துடுதே, இதுக்கு மூணு வருஷமா"னு கேக்குறாரு, என்ன பதில் சொல்றதுன்னே தெரியல.

நட்டுபோல்ட்டு: தம்பி, நான் பம்ப் மேனுவல் மொழிபெயர்க்கிறவன். ஜெர்மன்ல முட்டர்னா அம்மா, நட்டுக்கும் அதே வார்த்தைதான். ஒருதடவ மெஷின் ட்ரான்ஸ்லேஷன் "தாயை இறுக்கவும்"னு குடுத்துச்சு 😂 மாமாகிட்ட இதக் காட்டு.

ஹைதராபாத்_அக்கா: சிரிப்பு சரி, காசு விஷயமும் சொல்லணும்ல. ட்ரான்ஸ்லேஷன் மெமரின்னு, முன்னாடி மொழிபெயர்த்த வாக்கியங்கள சேத்து வெச்சிருப்பாங்க; அதுல இருக்குற பழைய வாக்கியத்தோட ஒத்துப்போனா அந்த வரிக்கு ரேட்ட கொறைச்சுடுவாங்க, மெஷின் போட்டத திருத்துற வேலைக்கும் கம்மிதான். வெறும் மொழிய மட்டும் நம்பாத, சட்டமோ மெக்கானிக்கலோ ஒரு துறைய சேத்துக்கோ. ஒமேகாடீனு ஒரு மொழிபெயர்ப்பு சாஃப்ட்வேர் இருக்கு, ஃப்ரீதான், இப்பவே போட்டு பழகு.

கோவை_பையன்: அப்பாவுக்கு லேத் பட்டறை அக்கா, நட்டு போல்ட்டுலதான் வளந்தேன் 😅

நட்டுபோல்ட்டு: அட, அப்ப பாதி படிச்சாச்சு போ. முதல்ல ஜெர்மன்ல பி2 லெவல (ஏ1-லேர்ந்து சி2 வரைக்கும் உள்ள ஆறு படில நாலாவது) முடி.