ஏற்காட்டில் புல்வெட்டும் மெஷின் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது, உதவி தேவை

கேள்வி – நாகலூர், ஏற்காடு

வணக்கம். நாகலூரில் ஒரு வீட்டின் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். முன்பக்கம் பத்து சென்ட் புல்தரை, பாதி சமம், பாதி சரிவு. கையால் தள்ளும் பெட்ரோல் மெஷின், 4 ஸ்ட்ரோக், அடியில் ஒரே பிளேடு சுழலும் வகை. மூன்று வருடமாக நன்றாக ஓடியது. மழைக்காலத்தில் இரண்டு மாதம் கொட்டகையில் கிடந்தது, டேங்கில் பெட்ரோலும் அப்படியே இருந்தது.

இப்போது மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆகிறது. ஐந்து நிமிடம் ஏறி இறங்கி உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடும். புது ஸ்பார்க் பிளக் போட்டேன், ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தேன், பலன் இல்லை. மலை உயரத்தால் இப்படி ஆகுமா? கரண்ட் மெஷினுக்கு மாறச் சொல்கிறார்கள். கோடை விழாவுக்கு வீட்டுக்காரர் குடும்பத்தோடு வருகிறார், அதற்குள் புல் ஒழுங்காக வேண்டும்.

பதில் – மெக்கானிக், செவ்வாய்பேட்டை

தம்பி, உயரத்தின் மேல் பழி போடாதீங்க. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். காற்று மெலிவதால் இன்ஜின் சக்தியில் 15 சதவீதம் வரை குறையலாம், பெட்ரோல் பங்கு கூடி பிளக் கருக்கலாம். ஆனால் அது முதல் நாளிலிருந்தே இருந்திருக்கும்.

ஓடி, நின்று, ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது என்றால் முதலில் டேங்க் மூடியைப் பாருங்க. மூடியில் காற்று நுழைய ஒரு சின்னத் துளை உண்டு. அது அடைத்துக்கொண்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வருவது நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும், மறுபடி ஓடும். மெஷின் திணறும்போது மூடியை லேசாகத் தளர்த்திப் பாருங்க.

அப்புறம் ஒன்று. அடிப்பக்கம் கழுவும்போது எந்தப் பக்கம் சாய்த்தீங்க? ஏர் ஃபில்டர் மேலே இருக்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கி மூச்சை அடைக்கும், புகையும் வரும். அடியில் கை வைக்கும் முன் பிளக் வயரைக் கழற்றிவிடுங்க. பிளேடைக் கையால் திருப்பினாலே சூடான இன்ஜின் ஒரு தடவை பிடித்துச் சுற்றிவிடும், விரல் போய்விடும்.

பதில் – வீட்டுக்காரர், அஸ்தம்பட்டி

எனக்கு இரண்டு சென்ட் புல்தான், வயர் உள்ள கரண்ட் மெஷின் போதுமாக இருக்கிறது. சத்தம் குறைவு, பெட்ரோல் தொல்லை இல்லை. ஆனால் உங்கள் இடத்துக்கு நான் சொல்ல மாட்டேன். பனியில் நனைந்த புல்லில் வயரை இழுத்துக்கொண்டு சரிவில் நடப்பது ஆபத்து. பேட்டரி மெஷின் நல்லதுதான், ஈரப் புல் என்றால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும்.

உருளை வகையும் இருக்கிறது. சுற்றும் கத்திகள் கீழே நிலையான ஒரு கத்தியோடு சேர்ந்து கத்தரிக்கோல் போல வெட்டும். 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் காப்புரிமை பெற்றது அந்த வகைக்குத்தான். கிரிக்கெட் மைதானத்துப் புல் அவ்வளவு வழுவழுப்பாக இருப்பது அதனால்தான். ஆனால் வளர்ந்த புல்லையும் கல் கிடக்கும் இடத்தையும் அது தாங்காது. உங்களுடைய சுழல் பிளேடு வேகத்தால் புல்லை அடித்து அறுக்கிறது. பிளேடு ஓரத்தில் வளைந்த இறக்கை விசிறி போல காற்றை இழுத்துப் புல்லை நிமிர்த்தும். ஈரப் புல் அடியில் ஒட்டிக்கொண்டால் அந்த இழுப்பே போய்விடும். காலையில் பனி காய்ந்த பிறகு வெட்டுங்கள்.

பதில் – நாகலூர்

அண்ணா, மூடியைத் தளர்த்தியதும் உஸ்ஸென்று காற்று உள்ளே போனது, மெஷின் நிற்கவே இல்லை! துளையில் புல்தூசியும் பிசுக்கும் இறுகியிருந்தன. ஆனால் ஏறி இறங்கும் சத்தம் அப்படியே இருக்கிறது. சோக்கைப் பாதி இழுத்தால் சீராகிறது.

பதில் – மெக்கானிக், செவ்வாய்பேட்டை

சோக் காற்றைக் குறைத்துப் பெட்ரோல் பங்கைக் கூட்டும். அதில் சீரானால், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் ஜெட்டில், அதாவது பெட்ரோல் வரும் சின்னத் துளையில், அடைப்பு. பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்க, நீர்த் துளிகள் நிற்கும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், அது ஈரத்தை இழுக்கும். உங்கள் ஊர் மூடுபனியில் இரண்டு மாதம் என்றால் கேட்கவே வேண்டாம். டேங்கைக் காலி செய்து புது பெட்ரோல் ஊற்றுங்க. ஜெட்டில் கம்பி விடாதீங்க, துளை பெரிதாகிவிடும்; கிளீனர் அடித்து ஊதினால் போதும். டேங்கில் 2டி ஆயில் கலக்கக் கூடாது, அது 2 ஸ்ட்ரோக்குக்கு. உங்களுக்கு இன்ஜினில் தனி ஆயில்.

சரிவில் குறுக்காகத் தள்ளுங்க, மேலும் கீழும் போகாதீங்க. ரொம்பச் செங்குத்தான ஓரத்தைத் தோளில் மாட்டும் பிரஷ் கட்டரால் முடித்துவிடுங்க.

பதில் – நாகலூர்

கிண்ணத்தில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. சுத்தம் செய்தேன், இன்று பத்து சென்ட்டும் ஒரே மூச்சில் முடிந்தது. பிளேடு மழுங்கியிருக்கிறது, புல் நுனி பிய்ந்து பழுப்பாகிறது. சேலம் இறங்கும்போது கொண்டுவருகிறேன்.

பதில் – மெக்கானிக், செவ்வாய்பேட்டை

கழற்றும் முன் தரையைப் பார்க்கும் பக்கத்தில் பெயிண்டால் குறி போடுங்க. இறக்கை மேல் பார்த்திருக்க வேண்டும், தலைகீழாக மாட்டினால் வெட்டாது. சாணை பிடித்தபின் நடுத்துளையை ஆணியில் மாட்டிப் பாருங்க, ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் இன்னும் தேய்க்க வேண்டும்.