உதவி தேவை: 8-12915 என்பது தேதியா, எண்ணா?

பரண்வாசி:
அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டின் பரணைச் சென்ற மாதம் ஒழித்தபோது, பழைய வேட்டியில் சுற்றித் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்த பதினொரு கிராமபோன் தட்டுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று மட்டும் என்னை மிகவும் குழப்புகிறது. பத்து அங்குலத் தட்டு, இருபுறமும் பாட்டு, லேபிளில் நாய் படம். பாடியவர் பெயரை அடுத்து 'அமெச்சூர்' என்று ஆங்கிலத்தில் அச்சாகியுள்ளது. 'பி' என்ற எழுத்தோடு ஓர் எண்ணும், அதற்குக் கீழே பொடி எழுத்தில் 8-12915 என்பதும் இருக்கின்றன. மறுபக்கத்தில் 'பி' எண் அதேதான். கீழே உள்ள எண் மட்டும் வேறு. லேபிளின் அடி விளிம்பில் 'டம் டம்' என்று படிக்க முடிகிறது.

என் தந்தையார் இதை 1915 டிசம்பர் 8 என்று படிக்கிறார். பழம்பொருள் வியாபாரி ஒருவரோ, இது 1902ஆம் ஆண்டின் முதல் பதிவுகளுள் ஒன்று என்றும், ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்தால் நல்ல விலைக்கு விற்றுத் தருவதாகவும் சொல்கிறார். இவ்விரண்டில் எது சரி? துடைப்பதற்கு ஸ்பிரிட் வாங்கி வைத்திருக்கிறேன். தட்டைச் சுத்தம் செய்துவிட்டுத் தெளிவான படம் அனுப்புகிறேன்.

ஊசிமுனை:
மற்றவை பிறகு இருக்கட்டும். முதலில் அந்த ஸ்பிரிட் புட்டியை மூடி வையுங்கள். உங்கள் கையில் இருப்பது அரக்குத் தட்டு. மர வேலைக்குப் பாலிஷ் போடும் ஆசாரிகள் அரக்கை ஸ்பிரிட்டில்தான் கரைக்கிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். உங்கள் தட்டில் ஊசி ஓடும் வரிகளுக்கும் அதே கதிதான் நேரும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு, தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்புக் கலந்து, லேபிள் நனையாமல் வரிகளின் போக்கிலேயே துடைத்து, நிழலில் உலர்த்தினால் போதும்.

அரக்குத்தட்டு:
முன்பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். நாய் படத்துக்கு உரிய கிராமபோன் கம்பெனிக்காக ஃபிரெட் கைஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து முதன்முதலாகப் பதிவு செய்தது 1902 நவம்பரில். அந்தத் தட்டுகளுக்கு ஒரு பக்கம்தான் பாட்டு. லேபிளில் நாய் கிடையாது, இறகால் எழுதும் தேவதைதான் இருந்தது. அவை அச்சானதும் ஜெர்மனியிலுள்ள ஹானோவரில். அப்போது பாடிய கௌஹர் ஜான் என்ற பாடகி பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வதற்கும், கடல் கடந்த ஆலையில் இருந்தவர்கள் எந்தத் தட்டு யாருடையது என்று அறிய வேண்டியிருந்ததே காரணம் என்பார்கள். கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை தொடங்கியது 1908இல். கல்கத்தாவை அடுத்த டம் டம் என்ற இடத்தில் ஆலை 1928இல்தான் வந்தது. ஆகவே 'டம் டம்' என்று அச்சிட்ட லேபிளை ஒட்டிக்கொண்டு ஒரு தட்டு 1902இல் பிறந்திருக்க வழியே இல்லை.

தந்தையாரின் கணக்கும் தேதிக் கணக்கு அன்று. ஆனால் அந்தத் தவற்றில் ஒரு நியாயம் இருக்கிறது, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் படித்தேன். கம்பெனி தன் எண்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருந்தது. பத்தாயிரத்தில் தொடங்கும் வரிசை கீழை நாடுகளுக்கு உரியது. அதற்குள் 12000 வரிசை ஆண் குரலுக்கு, 13000 வரிசை பெண் குரலுக்கு. ஒரு வரிசையின் ஆயிரம் எண்களும் தீர்ந்துபோனால், முன்னால் 2, 3 என்று ஓர் எண்ணைச் சேர்த்து மறுபடியும் தொடக்கத்திலிருந்து எண்ணுவார்கள். உங்கள் எண்ணின் முன்னால் உள்ள 8 அப்படி வந்ததே. எனவே 8-12915 என்பது கீழை நாட்டு ஆண் பாடகர் ஒருவரின் ஒரு பக்கத்துக்கு உரிய எண். மறுபக்கத்துக்குத் தனி எண் இருப்பதும் அதனால்தான். இரு பக்கங்களையும் சேர்த்து விற்கத் தொடங்கிய பிறகு தட்டு முழுமைக்கும் இடப்பட்டது 'பி' எண்.

'அமெச்சூர்' என்பது பாடும் திறமையைக் குறைத்துச் சொல்வது அன்று. பாட்டைத் தொழிலாகக் கொள்ளாத 'கௌரவமான' குடும்பத்தவர் என்று காட்டிக்கொள்வதற்காகப் பெயருக்குப் பின்னால் அதைச் சேர்ப்பது அக்காலத்து இந்தியத் தட்டுகளில் வழக்கம். அந்தக் கௌரவத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. அது இங்கே வேண்டாம்.

இனி முக்கியமான பகுதி. லேபிள் சொல்வது தட்டு அச்சான காலத்தை. பாட்டு பதிவான காலத்தைச் சொல்வது அரக்கிலேயே பதிந்திருக்கும் குறி. ஒரே பதிவைப் பல ஆண்டுகள் கழித்துப் புது லேபிளோடு மறுபடி அச்சடிப்பது சாதாரணமாக நடந்தது. லேபிளுக்கும் கடைசி வரிக்கும் நடுவே வழுவழுப்பாக ஒரு வளையம் இருக்கும். அறையை இருட்டாக்கி, டார்ச்சை ஏறக்குறையத் தட்டோடு படுக்கவைத்து, மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். எழுத்து பிடிபடாவிட்டால் மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்து லேசாகத் தேயுங்கள். எண்ணுக்குப் பின்னால் சிறிய முக்கோணம் இருக்கிறதா, சதுரம் இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று சொல்லுங்கள்.

பரண்வாசி:
மிக்க நன்றி ஐயா. நேற்றிரவு பென்சிலால் தேய்த்துப் பார்த்தேன். இரண்டு பக்கங்களிலும் ஓர் எண்ணும், அதை ஒட்டி ஒரு சிறிய ஆங்கில எழுத்தும் வெள்ளையாக எழும்பி வந்தன. முக்கோணமோ சதுரமோ எங்கும் இல்லை; ஐயத்தின் பேரில் மூன்று முறை தேய்த்தேன். லேபிளில் அச்சிட்ட எண்ணுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லையே?

அரக்குத்தட்டு:
தொடர்பு இருக்க வேண்டியதில்லை. அது பாட்டை முதலில் பதிவு செய்த மெழுகுத் தட்டில் எழுதிய எண்; ஒட்டிய எழுத்து, பதிவு செய்த பொறியாளர் யார், தட்டின் அளவு என்ன என்பதைக் குறிக்கும். மின்சார ஒலிவாங்கியைப் பயன்படுத்தும் முறை 1925இல் வந்த பிறகு, வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கருவியில் பதிவானவற்றுக்கு இந்தக் கம்பெனி முக்கோணக் குறி இட்டது; 1931க்குப் பிறகு தன் சொந்தக் கருவியில் பதிவானவற்றுக்குச் சதுரம் இட்டது. இரண்டும் இல்லையென்றால், பாடகர் பெரிய ஊதுகுழலின் வாய்க்குள் உரக்கப் பாடிப் பதிவான காலத்தைச் சேர்ந்தது என்று கொள்ளலாம். ஆக உங்கள் தட்டு 1928க்குப் பின் டம் டம்மில் அச்சானது. அதிலுள்ள குரல் அதற்குப் பல ஆண்டுகள் முந்தையது. தந்தையாரின் 1915 குறி தவறிய கணக்குதான் என்றாலும், உண்மையிலிருந்து வெகு தொலைவில் இருக்க வேண்டியதில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.

ஊசிமுனை:
இதோடு இன்னொன்று. கேட்டுப் பார்க்கும் ஆசை வந்தால், எல்பி எனப்படும் பிற்கால நெடுநேரத் தட்டுக்குரிய ஊசியை இதில் வைக்காதீர்கள். அந்த முனை ஏறத்தாழ 25 மைக்ரான்; இதன் வரிக்கு 75 மைக்ரான் முனை வேண்டும். சின்ன முனை வரியின் அடியில் கிடக்கும் அழுக்கில் உரசிக்கொண்டு ஓடும், இரைச்சல்தான் மிஞ்சும். ஊதுகுழல் காலத்துத் தட்டுகள் நிமிடத்துக்குச் சரியாக 78 சுற்றில் ஓடும் என்றும் நம்ப வேண்டாம். குரல் கீச்சிட்டால் வேகத்தைச் சிறிது குறைத்துப் பாருங்கள்.

பரண்வாசி:
பெரியவர்கள் இருவருக்கும் நன்றி. ஸ்பிரிட் புட்டியைத் தச்சரிடம் கொடுத்துவிட்டேன். வியாபாரிக்கு முன்பணம் இல்லை என்று சொல்லியாயிற்று. பென்சிலால் தேய்த்த காகிதத்தைத் தட்டின் உறைக்குள்ளேயே வைத்து, மேலே 'அச்சு: 1928க்குப் பின், பதிவு: அதற்கு முன், ஊதுகுழல்' என்று தந்தையாரே தம் கையால் எழுதினார். அடைப்புக்குறிக்குள் '1915?' என்பதையும் சேர்த்துக்கொண்டார்; நான் தடுக்கவில்லை.