விஷ உயிரினங்களுக்குத் தனி அறை அமைக்கிறோம், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் சின்ன உயிரியல் பூங்காவில் விஷ உயிரினங்களுக்கென ஒரு அறை ஒதுக்கப் போகிறோம். இப்போதைக்கு காபூன் விரியன், கிலா பல்லி, அம்பு நச்சுத் தவளை மட்டும்தான். தவளை பற்றி அவ்வளவு கவலை இல்லை, காட்டில் தின்னும் எறும்பு, சிற்றுண்ணி வழியாகத்தான் அதற்கு நஞ்சு சேர்கிறது, தொட்டியிலேயே பிறந்து பழ ஈ தின்று வளர்ந்ததிடம் அது இருக்காது. இதைப் பலகையில் அப்படியே எழுதிவிடலாமா?

விரியன்தான் பயமுறுத்துகிறது. நச்சுப்பல்லே 5 செ.மீ. வரை இருக்கும், சருகுக்குள் கிடந்தால் கண்ணெதிரே இருந்தும் தெரியாது. அதனால் பாம்பு தானாக ஒரு பெட்டிக்குள் போனதும் வெளியிலிருந்தே சறுக்குக் கதவை மூடிப் பூட்டிவிட்டு, அப்புறம்தான் தொட்டியைச் சுத்தம் செய்வது என்று முடிவு செய்திருக்கிறோம். இப்படிப் பெட்டி வைத்துப் பழகியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சருகும் மண்ணும் சிக்கி கதவு முழுசாக மூடாமல் போவதை எப்படித் தவிர்க்கிறீர்கள்?

விஷமுறிவு மருந்து கைவசம் இல்லாமல் விரியனைக் கொண்டுவர மாட்டோம், அதில் உறுதியாக இருக்கிறோம். கிலா பல்லிக்கோ அப்படி மருந்தே விற்பனையில் இல்லை. மருத்துவமனையிடம் முன்கூட்டியே என்னென்ன பேசி வைத்தீர்கள் என்று சொன்னால் பெரிய உதவி.