ஊல்வொர்த்ஸ் கடை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

நண்பர்களே, ஒரு உதவி. 2008 வாக்கில் இங்கிலாந்தில் சின்ன ஊர் எதிலாவது குடியிருந்தவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்களா? வீட்டுச் சாமான் முதல் மிட்டாய் வரை எல்லாம் விற்ற ஊல்வொர்த்ஸ் என்ற சங்கிலிக் கடைகள் அங்கே மூடப்பட்டதைப் பற்றி ஒரு சிற்றிதழுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கணக்கெல்லாம் கைக்கு வந்துவிட்டது. 1909இல் லிவர்பூலில் முதல் கடை. ரொம்ப காலம் ஆறு பென்னிக்கு மேல் அங்கே எந்தப் பொருளும் கிடையாது. 2008 நவம்பரில் கடன் கழுத்தை நெரிக்க, 2009 ஜனவரி 6க்குள் 807 கடைகளும் மூடப்பட்டன. சுமார் 27,000 பேருக்கு வேலை போனது. கடைசி நாட்களில் சரக்கு தீர்ந்து, அலமாரிகளையே விலை போட்டு விற்றிருக்கிறார்கள். டார்செஸ்டர் என்ற ஊரில் அந்தக் கடையின் பழைய மேலாளரே 'வெல்வொர்த்ஸ்' என்று பேர் வைத்து அதே இடத்தில் கடை திறந்தார். (அந்தத் துணிச்சலுக்கே தனிக் கட்டுரை எழுதலாம்!)

எனக்கு வேண்டியது வேறு. கடைவீதி என்றாலே பத்துக் கடைதான் என்கிற ஊரில், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை, பல்பு, நாமே அள்ளிப்போட்டு எடை போடும் மிட்டாய், இதெல்லாம் அப்புறம் எங்கே வாங்கினீர்கள்? அந்தக் கட்டடத்தில் இப்போது என்ன இருக்கிறது? பழைய போட்டோ, பில், கடைப் பேர் போட்ட பை ஏதாவது பரணில் கிடந்தால் படமெடுத்துக் கீழே போடுங்கள். அங்கே வேலை பார்த்த சொந்தக்காரர் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது. பேர் வேண்டாம் என்றால் போடமாட்டேன்.