மூளைப் பாடத்தைச் செய்து காட்டி நடத்த யோசனை வேண்டும்

வணக்கம். எட்டாம் வகுப்புக்கு அடுத்த வாரம் மூளைப் பாடம் எடுக்கணும். படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னால் பிள்ளைகள் பெருமூளை, சிறுமூளை, முகுளம் எல்லாம் அழகாகக் குறித்துவிடுவார்கள். எது என்ன செய்கிறது என்று கேட்டால்தான் முழிப்பார்கள்.

சிறுமூளைக்குப் பிரச்சினை இல்லை. கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் போதும், தள்ளாட்டத்திலிருந்தே சமநிலைக்குப் போய்விடலாம். பார்வைக்கான பகுதி பின்மண்டையில் இருக்கிறது என்றால் நம்பவே மாட்டார்கள். அதற்கு ஏதாவது எளிய செயல்பாடு இருக்கிறதா?

பெருமூளையின் முன்பகுதியான முன்மடலுக்கு ஃபினியஸ் கேஜ் கதையை வைத்திருக்கிறேன். 1848-ல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரயில் பாதை வேலை பார்த்தவர். வெடியில் பறந்த இரும்புக் கம்பி கன்னத்தின் வழியே புகுந்து உச்சந்தலையில் வெளியேறியது. ஆள் பிழைத்துக்கொண்டார். குணம்தான் மாறிவிட்டது என்று சிகிச்சை பார்த்த மருத்துவர் எழுதிவைத்தார். பதிமூன்று வயதுக்கு இது அதிகமோ? (கடைசி பெஞ்சு குதூகலிக்கும், அது வேறு விஷயம்.)

மூச்சைக் கட்டுப்படுத்தும் முகுளத்துக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூச்சைப் பிடிக்கச் சொல்லலாம் என்றால் வகுப்பில் ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ப்ரொஜெக்டர் கிடையாது. களிமண், சார்ட், சாக்பீஸ் அளவில் சொல்லுங்கள். 'இடது மூளை கணக்கு, வலது மூளை கலை', 'பத்து சதவீத மூளைதான் வேலை செய்கிறது' வகையறா மட்டும் தயவுசெய்து வேண்டாம், இரண்டுமே தப்பு. வகுப்பில் செய்து பார்த்த போட்டோ இருந்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.