கணினியில் ஓடும் பாட்டைக் கிட்டார் ப்ராசஸருக்குள் எந்த ஜோடி வழியாக அனுப்புகிறீர்கள்? – அனுபவப் பகிர்வு

முதல் பகிர்வு

பழைய திரைப்பாடல்களோடு சேர்ந்து வாசித்துப் பழகுகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நான் பயன்படுத்துவது லைன் 6 ஹீலிக்ஸ் ஃப்ளோர் என்ற கிட்டார் ப்ராசஸர்; அதாவது, கிட்டார் ஒலிக்கு ஆம்ப், டிலே போன்றவற்றைச் சேர்க்கும், காலால் இயக்கும் கருவி. ஒரே ஒரு யூஎஸ்பி கேபிளால் அதை லேப்டாப்போடு இணைத்துவிட்டால் கிட்டாரும் கணினியில் ஓடும் பாட்டும் ஒரே ஹெட்ஃபோனில் கேட்கும் என்பது அதை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கேபிளுக்குள் கணினியிலிருந்து கருவிக்கு எட்டு சேனல்களும், கருவியிலிருந்து கணினிக்கு எட்டு சேனல்களும் ஓடுகின்றன. இவை 1/2, 3/4 என்று இரண்டிரண்டாக, இடது-வலது ஜோடிகளாக எண்ணப்படுகின்றன. பாட்டு அவற்றில் எந்த ஜோடியில் ஏறி வருகிறதோ, அதைப் பொறுத்தே அந்தப் பாட்டைக் கொண்டு நாம் என்ன செய்ய முடியும் என்பது அமைகிறது.

1/2 ஜோடியில் வரும் ஒலி, நாம் அடுக்கி வைத்திருக்கும் ஆம்ப், கேபினெட், டிலே போன்ற பிளாக்குகள் எதையும் தொடாமல் நேராக வெளியீட்டில் வந்து கலந்துவிடும். கணினி தானாகத் தேர்ந்தெடுப்பதும் இந்த ஜோடியைத்தான். வெறுமனே பாட்டைக் கேட்டுக்கொண்டே வாசிப்பதற்கு இது போதுமானது. பாட்டின் ஒலி கெடாமல் வரும். 3/4, 5/6 ஜோடிகள் அப்படியல்ல. அவற்றில் அனுப்பும் ஒலி தானாக எங்கும் கேட்காது. பாத்தின், அதாவது பிளாக்குகளின் வழியே ஒலி செல்லும் பாதையின், தொடக்கத்தில் இருக்கும் இன்புட் பிளாக்கில் அந்த ஜோடியை நாமே தேர்ந்தெடுத்தால்தான் ஒலி உள்ளே நுழையும். நுழைந்த பிறகு, கிட்டாருக்குச் செய்யக்கூடிய எல்லாவற்றையும் அதற்கும் செய்யலாம்.

ஹீலிக்ஸில் இரண்டு பாத்கள் இருப்பது இதற்கு மிகவும் வசதியாக இருக்கிறது. முதல் பாத்தில் கிட்டார், இரண்டாம் பாத்தின் இன்புட்டில் யூஎஸ்பி 3/4 என்று ஒரு ப்ரீசெட் (சேமித்துவைத்த அமைப்பு) வைத்திருக்கிறேன். மேக் கணினியில் 'ஆடியோ மிடி செட்டப்' என்ற செயலியைத் திறந்து, ஹீலிக்ஸின் அவுட்புட் பக்கத்தில் 'கன்ஃபிகர் ஸ்பீக்கர்ஸ்' என்பதை அழுத்தி, இடது ஸ்பீக்கருக்கு 3ஐயும் வலது ஸ்பீக்கருக்கு 4ஐயும் கொடுத்துவிட்டால், பிரவுசரில் ஓடும் பாட்டுகூட இரண்டாம் பாத்துக்குள் வந்துவிடுகிறது. அந்தப் பாத்தில் முதலில், ஒலியின் குறிப்பிட்ட பகுதிகளை மட்டும் ஏற்றி இறக்கும் ஒரு பாராமெட்ரிக் ஈக்யூ இருக்கிறது. பேஸும் மிருதங்கமும் கீழே கூட்டமாக மோதும் பாடல்களில் அந்தப் பகுதியைச் சற்றுக் குறைத்துவிட்டு, புல்லாங்குழல் இருக்கும் இடத்தை மட்டும் கொஞ்சம் தூக்கிக்கொள்கிறேன். இப்போதைய மாஸ்டரிங்கில் வரும் பாடல்கள் ஏற்கெனவே உச்ச அளவை ஒட்டியே இருப்பதால், ஈக்யூவில் எதையாவது ஏற்றினால் அதே அளவுக்கு அந்த பிளாக்கின் லெவலை இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் உச்சங்கள் நசுங்கிக் கரகரப்பு வந்துவிடும்.

ஈக்யூவுக்கு அடுத்ததாக, ஒரு துண்டைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப்பரை வைத்திருக்கிறேன். என் பழக்கத்தையே மாற்றியது இதுதான். ஒரு பாடலின் முன்னிசையில் குழல் ஒரு கமகத்தோடு இறங்கி வரும் இடத்தில் காலால் ரெக்கார்டை மிதித்து, அந்த வரி முடியும் இடத்தில் மறுபடி மிதித்து, கணினியில் பாட்டை நிறுத்திவிடுகிறேன். அந்த ஒரு வரி மட்டும் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும். ஆறு சுவிட்ச் லூப்பரில் 'ஹாஃப் ஸ்பீட்' சுவிட்சை மிதித்தால் வரி பாதி வேகத்துக்கு இறங்கும். சுருதியும் சரியாக ஒரு ஆக்டேவ் கீழே போகும். வேகத்தில் ஒரே வழுக்கலாகக் கேட்ட இடம், எந்தச் சுரத்திலிருந்து கிளம்பி எந்தச் சுரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது என்பது அப்போது தனித்தனியாகக் கேட்கிறது. கிட்டார் முதல் பாத்தில் இருப்பதால் அது லூப்புக்குள் பதிவாவதில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அதன்மேல் வாசித்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். வேகத்தைக் குறைக்கும் மென்பொருள்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றுள் சில சுருதியை மாற்றாமலே வேகத்தைக் குறைக்கும். ஆனாலும் கையைக் கிட்டாரிலிருந்து எடுக்காமல் காலாலேயே பிடித்து, காலாலேயே நிறுத்த முடிகிற இந்த வழியைத்தான் நான் விரும்புகிறேன்.

டேப்பிலிருந்து மாற்றப்பட்ட பழைய பாடல்கள் சில, இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிற்பதும் உண்டு. அந்த நேரத்தில் பாட்டைத் திருத்துவதைவிட, ட்யூனரின் அடிப்படை அளவை 440 ஹெர்ட்ஸிலிருந்து நகர்த்திக் கிட்டாரைப் பாட்டுக்குச் சேர்த்துக்கொள்வதே நல்லது. பாட்டின்மேல் சுருதியை மாற்றும் பிட்ச் பிளாக்கைப் போட்டால் வயலின்களின் ஓரங்கள் கலங்கிவிடுகின்றன.

இரண்டாம் பகிர்வு – விண்டோஸ் பயன்படுத்துபவர்

மேலே எழுதியவர் சொன்ன வழி மேக்கில் எளிது. விண்டோஸில் என் அனுபவம் வேறு. பிரவுசரும் மீடியா பிளேயரும் கருவியின் முதல் ஜோடிக்கே ஒலியை அனுப்புகின்றன. மற்ற ஜோடிகளைத் தனித்தனியாகக் கையாள ஏசியோ என்ற ஒலி டிரைவர் வழியாகக் கருவியோடு பேசும் ஒலிப்பதிவு மென்பொருள் தேவைப்படுகிறது. நான் ரீப்பர் பயன்படுத்துகிறேன். பாடலின் கோப்பை ஒரு டிராக்கில் போட்டு, அந்த டிராக்கின் ரூட்டிங் சாளரத்தைத் திறந்து, மாஸ்டருக்கு (எல்லா டிராக்குகளும் கலந்து 1/2இல் வெளியேறும் இடம்) போகும் தொடர்பின் டிக்கை எடுத்துவிட்டு, கீழே ஹார்டுவேர் அவுட்புட்டாக 3/4ஐச் சேர்க்கிறேன். மாஸ்டரின் டிக்கை எடுக்க மறந்தால் அதே பாட்டு 1/2 வழியாகவும் வரும், 3/4 வழியாகவும் வரும். உள்ளே பிளாக்குகளைக் கடந்து வருவது சில மில்லி விநாடிகள் பிந்துவதால், இரண்டும் சேரும்போது பாட்டு ஒரு குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும்.

இதே குணம் கிட்டார் ஒலிப்பதிவின்போதும் தலைகாட்டும். கிட்டார் கருவியிலிருந்து நேரடியாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, ரீப்பரில் அந்த டிராக்கின் மானிட்டரிங்கும் (உள்ளே வரும் ஒலியை மென்பொருள் உடனே திருப்பி அனுப்பும் வசதி) எரிந்துகொண்டிருந்தால், கணினிக்குப் போய்த் திரும்பி வரும் இரண்டாவது கிட்டாரும் சேர்ந்துகொள்ளும். பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித் துண்டு) 128 சாம்பிள், சாம்பிள் வேகம் 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு பக்கப் பயணத்துக்கே ஏறக்குறைய 2.7 மில்லி விநாடி ஆகிறது. போவதும் வருவதும் டிரைவரின் கூடுதல் தாமதமும் சேரும்போது ஒலி மெலிந்துபோவதைக் காது உடனே உணர்கிறது. மானிட்டரிங்கை அணைத்தால் போதும். பஃபரைக் குறைத்துப் பயன் இல்லை.

மூன்றாம் பகிர்வு – இணையவழியில் கிட்டார் கற்றுக்கொடுப்பவர்

எனக்கு இந்த ஜோடிகளின் வேறுபாடு வகுப்பில்தான் புரிந்தது. காணொளி அழைப்பில் மைக்காக ஹீலிக்ஸைத் தேர்ந்தெடுத்திருந்தேன். என் கிட்டார் மாணவிக்குத் தெளிவாகக் கேட்டது. நான் ஓடவிட்ட பின்னணித் தாளம் எனக்கு மட்டும் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. காரணம் நேரானது: கணினியிலிருந்து 1/2 ஜோடியில் வரும் ஒலி என் ஹெட்ஃபோனுக்குப் போகிறதே தவிர, கணினிக்குத் திரும்பிப் போகும் வழியில் சேர்வதில்லை. பாத்தின் வழியாகச் சென்று 'மல்டி' அவுட்புட்டில் (பல வெளியீடுகளுக்கும் யூஎஸ்பிக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவது) முடியும் ஒலிதான் திரும்பிப் போகிறது.

முதலில் தோன்றும் தீர்வு, கணினியின் மொத்த ஒலியையும் 3/4க்கு மாற்றிவிடுவது. அப்படிச் செய்தால் தாளம் மாணவிக்குப் போய்ச் சேரும். ஆனால் அவளுடைய குரலும் அதே 3/4 வழியாகப் பாத்துக்குள் நுழைந்து, அவளுக்கே எதிரொலியாகத் திரும்பிப் போகும். ஆகவே அழைப்பின் ஒலி 1/2லேயே இருக்க வேண்டும். தாளம் மட்டும் ஒலிப்பதிவு மென்பொருளிலிருந்து 3/4க்குப் போக வேண்டும். மாணவியின் குரல் என் காதுக்கு மட்டும், தாளமும் கிட்டாரும் இருவருக்கும் என்ற பிரிவு இப்படித்தான் கிடைக்கிறது. என்னைப் பொறுத்தவரை, கூடுதல் மிக்ஸர் எதுவும் வாங்காமல் ஓர் ஆசிரியருக்குக் கிடைக்கும் மிகப்பெரிய வசதி இது. ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதையும் இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நீண்டு தேயும் சுரங்களை இரைச்சல் என்று எண்ணி அது வெட்டிவிடும்.

நான்காம் பகிர்வு – ஃப்ராக்டல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் III வைத்திருப்பவர்

என்னுடைய கருவியிலும் இதே கருத்துதான்: ஒரு ஜோடி நேராக வெளியே போகிறது, வேறொரு ஜோடி பிளாக்குகளை அடுக்கும் கிரிட்டுக்குள் நுழைகிறது. ஒரே வேறுபாடு, இது 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் வேகத்தில் மட்டுமே இயங்கும். 44.1இல் தொடங்கிய பழைய ப்ராஜெக்டுகளைத் திறக்கும்போது அதை மாற்றிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

ஐந்தாம் பகிர்வு – ஆம்ப்பில் வாசிப்பவர்

நீங்கள் எல்லோரும் ஹெட்ஃபோனில் கேட்கிறீர்கள். நான் ஹீலிக்ஸின் கால் அங்குல வெளியீட்டை ஆம்ப்பின் ரிட்டர்னில் (முன்பகுதியைத் தவிர்த்து நேராகப் பவர் பகுதிக்குப் போகும் துளை) செருகி, 12 அங்குல ஸ்பீக்கரில் வாசிக்கிறேன். அதே ஸ்பீக்கரில் கணினிப் பாட்டையும் கேட்டபோது பாடகரின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. இது கருவியின் குறையல்ல. கிட்டார் ஸ்பீக்கர்கள் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக விழுந்துவிடும்படியே செய்யப்படுகின்றன. டிஸ்டார்ஷனின் கூர்மை காதைக் குத்தாமல் இருப்பது அதனால்தான். ஆனால் குரலின் தெளிவும் சிம்பலும் ஜால்ராவும் அதற்கு மேலேதான் இருக்கின்றன. எவ்வளவு ஈக்யூ போட்டாலும் அந்த ஸ்பீக்கரிலிருந்து அவை வரப்போவதில்லை.

குளோபல் செட்டிங்ஸில் யூஎஸ்பி 1/2 எந்த வெளியீட்டுக்குப் போக வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்க ஓர் இடம் இருக்கிறது. அதை எக்ஸ்எல்ஆர் (மூன்று முனைச் செருகி கொண்ட மற்றொரு வெளியீடு) என்று வைத்து, எக்ஸ்எல்ஆரை ஒரு ஜோடி ஸ்டுடியோ மானிட்டர்களுக்குக் கொண்டுபோனேன். கிட்டார் பாத்தின் அவுட்புட்டைக் கால் அங்குலத்துக்கு மட்டும் என்று வைத்தேன். இப்போது பாட்டு மானிட்டர்களில் முழுமையாகக் கேட்கிறது, கிட்டார் எனக்குப் பின்னால் ஆம்ப்பிலிருந்து வருகிறது. மேடையில் நின்று வாசிக்கும் உணர்வுக்கு ஹெட்ஃபோனைவிட இது எவ்வளவோ அருகில் இருக்கிறது. வால்யூம் குமிழ் இரண்டு வெளியீடுகளையும் சேர்த்து நகர்த்தாமல் கால் அங்குலத்தை மட்டும் கட்டுப்படுத்தும்படி வைத்துக்கொண்டால், பாட்டை விட்டுவிட்டுக் கிட்டாரை மட்டும் ஏற்றி இறக்கலாம்.

முதல் பகிர்வை எழுதியவரின் மறுமொழி

ஆசிரியர் சொன்ன பிரிவை நானும் அமைத்துப் பார்த்தேன். சரியாக வேலை செய்கிறது. அதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். மென்பொருளின் ஒரு டிராக் 3/4க்குப் போய், அந்தப் பாத் 'மல்டி'யில் முடிந்து, அது 1/2 வழியாக மறுபடி அதே டிராக்குக்கே வந்து, மானிட்டரிங்கும் எரிந்தால், ஒலி சுற்றிச் சுற்றிப் பெருகி ஓர் ஊளையாகிவிடும். ஹெட்ஃபோன் காதில் இருக்கும்போது இது ஆபத்தானது. கணினிக்குள் பதிவு செய்ய வேண்டியது கிட்டார் மட்டும்தான் என்றால், கணினிப் பாட்டு வரும் இரண்டாம் பாத்தின் அவுட்புட்டை 'மல்டி'யில் விடாமல் கால் அங்குலத்துக்கோ எக்ஸ்எல்ஆருக்கோ மட்டும் என்று மாற்றுங்கள். அந்தச் சுற்று அங்கேயே அறுந்துவிடும். மாணவருக்குத் தாளம் போக வேண்டிய வகுப்பு ப்ரீசெட்டில் 'மல்டி' இருந்தே ஆக வேண்டும் என்பதால், அதைத் தனி ப்ரீசெட்டாகவே சேமித்து, வகுப்பு நேரத்தில் ரீப்பரில் எந்த டிராக்கையும் ரெக்கார்டுக்குத் தயார் நிலையில் வைக்காமல் இருப்பது நல்லது.