பொருள்: மின்சாரமில்லாத நீரேற்றிக்குத் தமிழ்ச்சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

சேலத்திலிருந்து, ஆசிரியை:

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். எட்டாம் வகுப்புக்கான செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பாடம் மட்டும் தலைப்பில்லாமல் நிற்கிறது. ஓடைநீரைப் பிவிசி குழாயில் நாலடி இறக்கி, அந்த ஓட்டத்தின் விசையாலேயே ஒரு பங்கு நீரை மேட்டிலுள்ள தாமரைத் தொட்டிக்கு ஏற்றி, அங்கே நீரூற்றாகப் பீய்ச்சுகிறோம். மோட்டார் கிடையாது. ஆங்கிலத்தில் ஹைட்ராலிக் ராம் என்கிறார்கள். ராம் என்றால் ஆட்டுக்கடா.

இயங்கும் விதம் இது. குழாயில் வேகமெடுக்கும் நீர், கழிவு வால்வின் பித்தளை நாக்கை இழுத்து அறைந்து மூடுகிறது. ஓட்டம் சட்டென்று தடைபட்டதும் அழுத்தம் எகிறி, என்.ஆர்.வி.யை (நீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) திறந்துகொண்டு கொஞ்சம் நீர் காற்றறைக்குள் புகுகிறது. அழுத்தம் தணிந்ததும் நாக்கு கீழே விழுகிறது. மறுபடி ஓட்டம், மறுபடி அறை. காற்றறையில் அடைபட்ட காற்று நீரைச் சீராக மேலே தள்ளுவதால் ஊற்று விட்டுவிட்டு அடிப்பதில்லை. தொடக்கத்தில் நாக்கைச் சில முறை விரலால் அழுத்திவிட்டால் போதும்.

மதுரையிலிருந்து:

அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது. 'ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து' (குறள் 486). தகர் என்றால் ஆட்டுக்கடா. பின்வாங்கி முட்டுவது அதன் இயல்பு. உங்கள் கருவியிலும் நீர் ஒரு கணம் பின்வாங்கிய பிறகே நாக்கு திறந்து அடுத்த தாக்குதல் தொடங்குகிறது. தக்கு, தாக்கு, தகர் என எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. விலங்கின் பெயரைப் பொறிக்கு இடுவதும் நம் மரபுதான். சிலம்பில் மதுரை மதிலின் பொறிகளில் கருவிரல் ஊகமும் (கருங்குரங்கு) பன்றியும் வருகின்றன. ஆகவே 'தகர் எக்கி'. எக்கி என்றால் நீரேற்றும் பொறி.

பெங்களூரிலிருந்து, பொறியாளர்:

ஐயாவின் குறள் அருமை. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் காதில் தகர் என்பது தகரமாகத்தான் விழும். பிவிசியில் செய்த கருவிக்கு இது பெருங்குழப்பம். எக்கி என்றால் வயிற்றை எக்குவதுதான் நினைவுக்கு வரும். இன்னொன்று, 1772இல் இங்கிலாந்தின் கடிகாரக் கைவினைஞர் வைட்ஹர்ஸ்ட் செய்த கருவியில் குழாயை ஆள் நின்று திறந்து மூட வேண்டியிருந்தது. 1796இல் அதைத் தானே இயங்க வைத்தவர் மோன்கோல்ஃபியே, வெப்பக்காற்று பலூன் சகோதரர்களில் மூத்தவர். இந்தத் தானியங்கும் தன்மைதான் கருவியின் உயிர். 'தன்னேற்றி' என்போமே.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் பக்கத்தில் பம்பி என்ற சொல் வேரூன்றிவிட்டது. 'மோதற்பம்பி' எவருக்கும் விளங்கும். தன்னேற்றி என்றால் காற்றாலையில் இயங்கும் நீரேற்றியும் அதில் அடங்கிவிடும்.

மதுரையிலிருந்து:

பம்பியும் பம்பும் ஆங்கிலத்தின் நிழல்கள். சம்மதிக்க மாட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து:

பம்புதல் தமிழ் வினைதான் ஐயா. செறிதல், ஒலித்தல் என்றெல்லாம் அகராதி பொருள் தருகிறது. பம்பை என்ற பறையை நினையுங்கள். இந்தக் கருவியும் நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது முறை அடித்து ஒலிப்பதுதானே? நீரூற்றுக்கும் புதுச்சொல் தேட வேண்டாம். பரிபாடலில் வையைப் புனலாட்டில் நீர் வீசும் 'சிவிறி' இருக்கிறது. நெடுநல்வாடையில் கிம்புரிப் பகுவாய் அம்பணம் நிறைந்து நீர் விழுகிறது. அம் என்றால் நீர். அம்பணம் நீர்வழிக் குழாயேதான். பிவிசி குழாய்க்கும் அதையே வைக்கலாம்.

மதுரையிலிருந்து:

ஒலியொப்புமை சொற்பிறப்பு ஆகாது. அம்பணத்தை மட்டும் ஏற்கிறேன்.

சேலத்திலிருந்து, ஆசிரியை:

அம்பணம் கேட்டால் கடைக்காரர் குழாய் தரமாட்டார், ஐயா. முட்டுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். கடாவும் அதற்குள் நிற்கிறது. 'முட்டுப்பம்பு' என்று வைத்தால் என்ன?

மதுரையிலிருந்து:

முட்டும் பம்பு என்று விரிந்தால் அது வினைத்தொகை. ஒற்று மிகாது. ஊறுகாய், சுடுசோறு பார்க்க.

தஞ்சாவூரிலிருந்து:

முட்டு இங்கே முதனிலைத் தொழிற்பெயர். முட்டால் இயங்கும் பம்பு என்று விரியும். ஒற்று மிகும்.

பெங்களூரிலிருந்து, பொறியாளர்:

சுவருக்கு முட்டுக் கொடுப்பது என்ற பொருளும் குறுக்கே வரும். இருந்தாலும் தன்னேற்றியை நான் வற்புறுத்தவில்லை, முட்டுப்பம்பு விளங்குகிறது. கையேட்டில் ஒரு கணக்கையும் சேருங்கள், பெயரைவிட அது முக்கியம். ஒரு மீட்டர் இறக்கத்தைக் கொண்டு ஐந்து மீட்டர் ஏற்றினால், பத்து லிட்டரில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் மேலே போகும். மற்றது கழிவு வால்வில் வழிந்து ஓடைக்கே திரும்ப வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் கருவி பழுது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். காற்றறைக்குள் காற்றடைத்த சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் காற்று சிறிது சிறிதாக நீரில் கரைந்து, அறை முழுதும் நீராகிவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

முட்டுப்பம்பிக்கு என் வாக்கு. இகரத்தை விட மனமில்லை.

சேலத்திலிருந்து, ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. தலைப்பில் முட்டுப்பம்பு, ஒற்றுடன். சொற்பட்டியலில் முட்டுப்பம்பியும் தகர் எக்கியும் இடம்பெறும். குறளைப் பாடத்தின் முகப்பில் போடுகிறேன். கணக்கும் டியூப்பும் சேர்ந்துவிட்டன. கோப்பு இன்று மாலை அச்சகத்துக்குப் போகிறது.

மதுரையிலிருந்து:

குறள் முகப்பில் நிற்கத் தகர் பட்டியலுக்குள் போவது எனக்கு வருத்தமே. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். பாடத்தில் வால்வு என்ற சொல் பல இடங்களில் வருகிறதே, அம்மா. ஓரதர் என்ற நல்ல சொல் இருக்கிறது: ஓர் அதர், ஒரே வழி. மாலைக்குள் மாற்ற முடியுமா?